அடுப்படியில் லத்தீன்: அன்றாடச் சிரிப்புக்கு ஒரு கையேடு

மருந்துச் சீட்டில் ‘பி.டி.’, ‘டி.டி.எஸ்.’, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று டாக்டர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றுமே லத்தீன். பிஸ் டியே என்றால் தினம் இரண்டு வேளை. டெர் டியே சூமெண்டும் என்றால் தினம் மூன்று வேளை உட்கொள்ள வேண்டியது. எஸ்.ஓ.எஸ். என்பது சீ ஓபுஸ் சிட், அதாவது தேவைப்பட்டால் மட்டும். நான் மருந்தாளுநர். நாள் முழுக்க இந்தச் சுருக்கெழுத்துகளோடுதான் என் வேலை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் என் லத்தீன் தொடங்கியது. அப்புறம் அகராதி, இலக்கணப் புத்தகம், பழைய ரோமானியர்களின் பேச்சுகள் என்று ஆசையோடு போய்க்கொண்டே இருக்கிறது.

இந்தக் கையேட்டுக்கு லத்தீன் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். லத்தீன் வாக்கியம் தானாகச் சிரிக்க வைக்காது. ஒரு பேரரசே நடுங்கிய நேரத்தில் சொல்லப்பட்ட வாக்கியம், அதே மாதிரியான நெருக்கடி வீட்டில் குட்டியாக வரும்போது வந்து பொருந்த வேண்டும். அப்போதுதான் சிரிப்பு. அதனால் யார் சொன்னது, எந்த நிலைமையில் சொன்னது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கால்வாசி வேலை. மீதி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது.

மருந்துச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

மருந்துச் சீட்டின் தலையில் ஆர் எழுத்தின் காலை ஒரு கோடு வெட்டுவது போல ஒரு குறி இருக்கும். ‘ரெகிபே’, அதாவது ‘எடுத்துக்கொள்’ என்ற கட்டளையின் சுருக்கம் அது. சமையலுக்கு நாம் சொல்லும் ‘ரெசிபி’யும் அதே சொல்தான். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் குறியைப் பெரிதாகப் போட்டு நான் எழுதி ஒட்டிய சீட்டு இது:

‘பாத்திரம் கழுவுதல் – டி.டி.எஸ்., பி.சி. முணுமுணுத்தல் – எஸ்.ஓ.எஸ்.’

பி.சி. என்றால் போஸ்ட் கிபும், சாப்பாட்டுக்குப் பிறகு. மறுநாள் அதன் கீழே என் மகளின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘ஐஸ்கிரீம் – க்யூ.எஸ்.’ க்வான்டும் சுஃபிகிட். மருந்து கலக்கும்போது நீரோ சர்க்கரைப் பாகோ ‘போதுமான அளவு’ சேர்க்கச் சொல்லும் குறிப்பு அது. சமையல் குறிப்புகளில் ‘உப்பு – தேவையான அளவு’ என்று போடுகிறோமே, அச்சு அசல் அதுதான். அவள் அதைச் சரியாகப் பிடித்துச் சரியான இடத்தில் போட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தப் பட்டியலில் வீட்டுக்கு உதவுபவை இன்னும் உண்டு. ஏ.சி. என்றால் ஆண்டே கிபும், சாப்பாட்டுக்கு முன். பசியோடு இருப்பவரிடம் வரவுசெலவுக் கணக்குப் பேச வேண்டாம் என்பதற்கு ‘ஏ.சி. கூடாது’ என்று இரண்டு சொல் போதும். எச்.எஸ். என்றால் ஹோரா சோம்னி, தூங்கும் நேரம். நாளைக்குக் காலையில் பள்ளிக்கு அட்டையும் பசையும் வேண்டும் என்று குழந்தைகளுக்கு நினைவு வருவது எப்போதும் எச்.எஸ்.தான். ஸ்டாட்டிம் என்றால் உடனே. ‘ஸ்டாட்’ என்று சுருக்குவோம். குப்பை வண்டி தெருமுனையில் கேட்கும்போது அதைவிட நல்ல சொல் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உண்மையான மருந்து டப்பாவில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். க்யூ.டி. என்றால் தினம் ஒரு வேளை, க்யூ.ஐ.டி. என்றால் நான்கு வேளை. நடுவில் ஒரு புள்ளி சரியாக விழாவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அதனால்தான் பல மருத்துவமனைகள் இந்தச் சுருக்கங்களை விட்டுவிட்டு முழுதாக எழுதச் சொல்கின்றன. மருந்து எழுதும் இடத்தில் தெளிவான தாய்மொழி, ஃபிரிட்ஜ் கதவில் லத்தீன். இந்த எல்லையை நான் தாண்டுவதில்லை.

குளியலறைக் கதவுக்கு ஒரு சொற்பொழிவு

கி.மு. 63 நவம்பரில் ரோம் நகர ஆட்சிக் குழுவான செனட் கூடியது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறான் என்று எல்லோரும் சந்தேகிக்கும் காட்டிலீனா, எதுவும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப்போனார்கள். அந்த ஆண்டின் கான்சலாக, அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளராக இருந்த கிகெரோ, முன்னுரை எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே இப்படித் தொடங்கினார்: ‘க்வோஊஸ்க்வே டான்டெம் அபூட்டேரே, காட்டிலீனா, பாட்டியென்ட்டியா நோஸ்ட்ரா?’ காட்டிலீனா, இன்னும் எவ்வளவு நாள்தான் எங்கள் பொறுமையோடு விளையாடப் போகிறாய்?

காலையில் ஒரே குளியலறை உள்ள வீடு எதிலும் இந்த வாக்கியத்துக்கு இடம் உண்டு. எங்கள் வீட்டில் உள்ளே போனால் வெளியே வராதவர் என் தம்பி. கதவை அடித்துத் தட்டிக் கத்தினால் ‘ரெண்டே நிமிஷம்க்கா’ என்று பதில் வரும், அந்த இரண்டு நிமிடம் முடியவே முடியாது. அதனால் கதவுக்கு வெளியே நிமிர்ந்து நின்று, ஒரு கையை லேசாக உயர்த்தி, நிறுத்தி நிதானமாக ‘க்வோஊஸ்க்வே டான்டெம்...’ என்று தொடங்குவேன். காட்டிலீனா வரும் இடத்தில் அவன் பெயர். கேள்வியின் முதல் பாதியிலேயே உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும். காட்டிலீனாவும் அந்தப் பேச்சைக் கேட்ட அன்று இரவே ரோமை விட்டு வெளியேறினான் என்பது வரலாறு.

கத்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கத்தினால் எதிராளிக்குக் கோபம் வரும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய குற்றச்சாட்டு கதவுக்கு வெளியே முழங்கினால் சிரிப்புத்தான் வரும், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் லத்தீனால் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எரிச்சலைக் காயப்படுத்தாமல் சொல்ல அது இடம் கொடுக்கிறது.

இதே பேச்சில் கொஞ்சம் தள்ளி ‘ஓ டெம்போரா, ஓ மோரேஸ்!’ என்று வரும். என்ன காலம் இது, என்ன நடத்தை இது! காலி தண்ணீர் பாட்டிலை அப்படியே திரும்ப ஃபிரிட்ஜில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது பயன்படுத்தலாம்.

கேட்டோவின் முறை

இந்தக் கையேட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். மூத்த கேட்டோ என்பவர் ரோம் செனட்டின் கிழட்டுச் சிங்கம். கடல் தாண்டி இருந்த, ரோமின் பழைய எதிரியான கார்த்தேஜ் நகரம் மறுபடி செழித்து வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் செனட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்று சொல்லித்தான் உட்காருவாராம். ஒருநாள் மேலங்கியை உதறுவது போல ஓர் அத்திப்பழத்தைக் கீழே விழ விட்டார். எவ்வளவு பெரிய, அழகான பழம் என்று எல்லோரும் வியந்தபோது, ‘இது விளையும் நாடு இங்கிருந்து மூன்று நாள் கடல் பயணம்தான்’ என்றாராம். எழுதிவைத்திருப்பவர் பழங்கால வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் புளூட்டார்க். கேட்டோ கி.மு. 149இல் இறந்தார். கி.மு. 146இல் கார்த்தேஜ் தரைமட்டமானது.

அவர் பெயரில் இன்று வழங்கும் வாக்கியம்: ‘கேட்டெரும் கென்சேயோ கார்த்தாகினெம் எஸ்ஸே டேலெண்டம்.’ மேலும் என் கருத்து, கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும். வாக்கியத்தின் இந்த வடிவம் பிற்காலத்தில் உருவானது. பழக்கம் மட்டும் கேட்டோவுடையது.

ஒரு நகரத்தை அழித்த பிடிவாதம் அது. அதன் விளைவை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்தப் பிடிவாதத்தை நாம் நல்லதற்குத் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் மருந்தகத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தாலும் கத்தும், எழுந்தாலும் கத்தும். எழுதிக் கொடுத்தோம், சொல்லிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் நான் கேட்டோவானேன். இருமல் மருந்து இருப்பு பற்றிப் பேசினாலும், யாருக்கு எந்த நாள் விடுமுறை என்று பேசினாலும், என் முறை முடியும்போது அதே குரலில், ‘கேட்டெரும் கென்சேயோ, அந்த நாற்காலியை மாற்ற வேண்டும்’ என்று முடிப்பேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. கேட்டவர்களுக்குக் கதையைச் சொன்னேன். அப்புறம் நான் வாயைத் திறக்கும் முன்பே இளையவர்கள் ‘அக்கா, கேட்டெரும்?’ என்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு மேலாளரே கூட்டத்தை முடிக்கும்போது அதைச் சொன்னார். புது நாற்காலி வந்தது.

செய்முறை எளிது. முதல் இரண்டு சொல்லை மட்டும் லத்தீனில் வைத்துக்கொண்டு மீதியைத் தமிழில் சொல்லுங்கள். முழுவதும் லத்தீனில் சொல்லப் போனால் நாற்காலி ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்து விகுதியை மாற்ற வேண்டியிருக்கும். பேச்சு எதைப் பற்றியதாக இருந்ததோ, அதற்கும் உங்கள் கோரிக்கைக்கும் ஒரு தொடர்பும் இருக்கக் கூடாது. குரலை ஏற்ற வேண்டாம். எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும், நடுவில் வந்தால் வெறும் புகார் ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்த்தேஜ்தான். ஒழுகும் குழாய், கிறீச்சிடும் கதவு, எரியாத மாடிப்படி விளக்கு மூன்றையும் சேர்த்துக்கொண்டால் எதுவும் நடக்காது.

சீசரின் மூன்று சொல்

‘வேனி, வீடி, வீகி.’ வந்தேன், கண்டேன், வென்றேன். கி.மு. 47இல் சேலா என்ற இடத்தில் பொன்டஸ் மன்னன் இரண்டாம் ஃபார்னகேஸை வென்றதைப் பற்றி சீசர் சொன்னது. வந்து ஐந்து நாளுக்குள், எதிரி கண்ணில் பட்ட நான்கே மணி நேரத்தில் போர் முடிந்தது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்வேட்டோனியஸ். ஆகவே இது வேகத்தைப் பற்றிய வாக்கியம். மாதக்கணக்கில் இழுத்து முடித்த வேலைக்கு இதைப் போடாதீர்கள். வீட்டில் எல்லோரும் முறுக்கிப் பார்த்துத் திறக்காத ஜாடி மூடியை, அடுத்த அறையிலிருந்து வந்த நீங்கள் ஒரே திருகில் திறந்தால், அதுதான் சேலா.

இதில் ஒரு நல்ல விளையாட்டு இருக்கிறது. முதல் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மூன்றாவதை மாற்றலாம், இலக்கணமும் பிசகாது. ‘ஏடி’ என்றால் சாப்பிட்டேன், ‘ஏமி’ என்றால் வாங்கினேன், ‘ஃபூகி’ என்றால் ஓடிப்போனேன், ‘ரீசி’ என்றால் சிரித்தேன். எல்லாமே இரண்டெழுத்து, எல்லாமே இகரத்தில் முடிபவை, அதனால் ஓசையும் ஒட்டிக்கொள்கிறது. விருந்துக்குப் போய்வந்தவருக்கு ‘வேனி, வீடி, ஏடி’. ஒரு சீப்பு வாங்கப் போய் மூன்று பையோடு திரும்பியவருக்கு ‘வேனி, வீடி, ஏமி’. குளத்தில் கால் வைத்துப் பார்த்துத் தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் திரும்பியவருக்கு ‘வேனி, வீடி, ஃபூகி’. குழந்தைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நீதிமன்றத்திலிருந்தும் தூதரகத்திலிருந்தும்

செய்தித்தாளில் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று படிக்கிறோமே, அது ‘சினே டியே’. பரண் சுத்தம் செய்யும் திட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆட்கொணர்வு மனு என்பது ‘ஹேபியஸ் கார்பஸ்’. என் சார்ஜரைக் கொண்டுபோனவர் அதை நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாம். தலையில் ஏற்றி வைத்த மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடியவரிடம் அதை எடுத்துக் காட்டிவிட்டு ‘க்யூ.இ.டி.’ என்று சொல்லலாம். ‘க்வோட் எராட் டெமோன்ஸ்ட்ராண்டும்’, நிரூபிக்க வேண்டியது இதுவே என்று வடிவியல் நிறுவல்களின் முடிவில் வருவது. ரூபிக்கான் ஆற்றைக் கடந்தபோது கி.மு. 49இல் சீசர் சொன்னதாக வழங்கும் ‘ஆலேயா யாக்டா எஸ்ட்’, அதாவது பகடை உருண்டாயிற்று, இனித் திரும்ப முடியாது என்பது, மின்னஞ்சலில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்திய அந்த நொடிக்கு.

இவற்றில் எனக்கு உசத்தி ‘பெர்சோனா நான் க்ராட்டா’, வரவேற்கப்படாத நபர். 1961ஆம் ஆண்டு வியன்னா தூதரக உடன்படிக்கையின் 9ஆம் பிரிவின்படி, ஒரு நாடு வேற்றுநாட்டுத் தூதரை இப்படி அறிவித்தால் அவருடைய நாடு அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவருடைய தூதரகப் பணியை முடித்துவிட வேண்டும். ஏன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தக் ‘காரணம் சொல்லத் தேவையில்லை’ என்பதில்தான் வீட்டுப் பயன்பாட்டின் உயிர் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை இப்படி அறிவித்துவிட்டோம். விவாதம் செய்ய வந்தவர்களிடம் 9ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டுகிறேன்.

எவற்றை விட்டுவிடலாம்

‘எட் டூ, ப்ரூட்டே’ வேண்டாம். ‘நீயுமா புரூட்டஸ்’ என்று தமிழிலேயே தேய்ந்துவிட்டது. ‘கார்ப்பே டியெம்’, இந்த நாளைப் பறித்துக்கொள் என்பது ரோமானியக் கவிஞர் ஹொராஸின் அழகான கவிதை வரி. கோப்பையிலும் சட்டையிலும் அச்சடித்து அதன் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். அதை வேடிக்கைக்கு இழுக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

போலி லத்தீன் என்று ஒரு வகை உண்டு. ‘இல்லெஜிட்டிமி நான் கார்போரண்டம்’ என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பரவியது. அயோக்கியர்கள் உன்னைத் தேய்த்து அரைக்க விடாதே என்று பொருள் சொல்வார்கள். கார்போரண்டம் என்பது சாணை பிடிக்கும் பொருளின் வணிகப் பெயர். ஆனால் நான் மேலே சொன்ன சூமெண்டும், டெமோன்ஸ்ட்ராண்டும் எல்லாம் ‘செய்யப்பட வேண்டியது’ என்ற பொருளில் அதே ஓசையில் முடிவதால், காதுக்கு இதுவும் லத்தீன் போலவே படுகிறது. மூலச் சொற்களைத் தெரிந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் இது அருமையான நகைச்சுவை. தெரியாதவரிடம் உண்மையான லத்தீன் என்று சொல்லி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.

அதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தைச் சொன்ன கையோடு பொருளையும் தமிழில் சொல்லிவிடுங்கள். கேட்பவர் விழித்துக்கொண்டு நின்றால் அது வேடிக்கையாக இருக்காது, அவமானமாக இருக்கும். துக்க வீட்டில், நோயாளியின் படுக்கையருகில், உண்மையான சண்டை நடக்கும்போது ஒரு சொல்கூட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று தாராளம்.

உச்சரிப்பும் சரிபார்ப்பும்

உச்சரிப்பில் இரண்டு மரபுகள் உண்டு. பழைய ரோமானிய முறையில் ‘வீகி’, ‘கிகெரோ’. திருச்சபை முறையில் ‘வீச்சி’, ‘சீச்செரோ’. எதுவும் தப்பில்லை, ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. குறில், நெடில், இரட்டித்த ஒற்று மூன்றும் லத்தீனில் பொருளையே மாற்றும். தமிழ் பேசும் நமக்கு இது கைவந்த விஷயம். நெடிலை நெடிலாகவே இழுத்துச் சொல்லுங்கள்.

வாயால் சொல்வது காற்றோடு போகும். எதிலாவது அச்சடிக்கவோ பொறிக்கவோ போகிறீர்கள் என்றால் இலக்கணத்தைப் பார்த்துவிடுங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம், வேற்றுமை விகுதிகளில் அது வழுக்கிவிடக்கூடும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில், ‘துன்பியல் கவிஞரின் வீடு’ என்று அழைக்கப்படும் வீட்டின் வாசல் தரையில் சங்கிலி போட்ட நாய் ஒன்று சிறு கற்களால் பதிக்கப்பட்டிருக்கிறது. கீழே ‘காவே கானெம்’. நாய் ஜாக்கிரதை. நம் ‘நாயை’ என்பதில் ஐகாரம் செய்யும் வேலையை அங்கே கடைசி மகர ஒற்று செய்கிறது. அதை மாற்றி ‘காவே கானிஸ்’ என்று எழுதினால், ‘நாயே, நீ ஜாக்கிரதையாக இரு’ என்று ஆகிவிடும். உங்கள் வீட்டில் வாலைப் பிடித்து இழுக்கும் வயதில் ஒரு குழந்தை இருந்தால், இரண்டாவது பலகைதான் பொருத்தம். அதை நாயின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.